அஞ்சுக்கு அஞ்சு என்றால் பாதிக்குப் பாதியா?

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்து வைத்தாள். பக்கத்தின் நடுவில் ஸ்கேல் பிடித்துக் கோடு போட்டிருந்தாள். மேலே பெரிய எழுத்தில் ‘காலநிலை மாற்றம்’. இடப்பக்கம் ‘இயற்கைக் காரணங்கள்’: சூரியன், எரிமலை, பூமியின் சுற்றுப்பாதை, கடல் நீரோட்டம், கண்டங்களின் நகர்வு. வலப்பக்கம் ‘மனிதக் காரணங்கள்’: நிலக்கரியும் பெட்ரோலும் எரிப்பது, காடழிப்பு, கால்நடை, சிமெண்ட், ரசாயன உரம். பக்கத்துக்கு ஐந்து. சரியா என்று பார்க்கச் சொன்னாள்.

பார்த்தேன். தப்பு ஒன்றும் இல்லை. நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்: “அம்மா, அஞ்சுக்கு அஞ்சுன்னா பாதிக்குப் பாதியா?”

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். இருபது வருஷமாகப் பேரேடும் ஐந்தொகையும்தான் வாழ்க்கை. பேரேட்டில் இரண்டு பக்கமும் ஐந்தைந்து வரி இருக்கிறது, ஆகவே தொகையும் சமம் என்று புதிதாகச் சேர்ந்த பையன் யாராவது வந்து சொன்னால் நாற்காலியைவிட்டு எழுந்துவிடுவேன். ஆனால் மகள் கேட்டபோது, “அப்படிச் சொல்ல முடியாதுடி, அது வந்து...” என்று இழுத்தேனே தவிர, எந்தப் பக்கம் எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை. அன்று ராத்திரி படிக்க ஆரம்பித்தது, நாலு மாதம் ஆகியும் விடவில்லை. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எரிமலையிலிருந்து தொடங்கியதற்குப் பெரியப்பா காரணம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதே வாரம் அவர் ஒரு செய்தியைத் தள்ளிவிட்டிருந்தார். ஒரு எரிமலை ஒரே மூச்சில் கக்குவது மனிதகுலம் மொத்தமாக இதுவரை விட்ட புகையைவிட அதிகமாம். போன் போட்டு, “எத்தனை டன் பெரியப்பா?” என்றேன். “அதெல்லாம் அதுல போடலம்மா. எரிமலை வெடிக்கிறதப் படத்துல பார்த்திருக்கல்ல? அப்புறம் என்ன கேள்வி?” என்றார்.

பார்வைக்கு அவர் சொல்வது நியாயம்தான். ஒரு மலையே பிளந்து வானம் கறுக்கும் காட்சிக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டரின் புகைக்குழாய் எம்மாத்திரம்? ஆனால் தொகை வேறு கதை சொல்கிறது. உலகத்தின் எல்லா எரிமலைகளும், கடலடியில் இருப்பவையும் சேர்த்து, ஒரு வருஷத்தில் விடும் கரியமில வாயு ஐம்பது கோடி டன்னைத் தொடுவதில்லை. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமெண்ட் வழியாக நாம் விடுவது ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன். நமக்கு நூறு என்றால் எரிமலைக்கு ஒன்று, அவ்வளவுதான். எரிமலை எப்போதாவது வெடிக்கிறது. ஸ்கூட்டர்கள் தினமும் ஓடுகின்றன.

இதைவிட எனக்கு வேடிக்கையாகப் பட்டது, பெரிய எரிமலை வெடித்தால் பூமி குளிர்கிறது என்பது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ வெடித்தபோது ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் கந்தக டை ஆக்சைடு அடுக்கு மண்டலம் வரை போனது. சாம்பல் சீக்கிரம் கீழே விழுந்துவிடும். கந்தகம் மட்டும் நுண்ணிய அமிலத் துளிகளாக மாறி, மழை எட்டாத அந்த உயரத்தில் மிதந்துகொண்டு சூரிய ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பியது. உலகச் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி இறங்கியது. இரண்டு வருஷத்தில் எல்லாம் பழையபடி. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா இதைவிடப் பெரிதாக வெடித்தது. அடுத்த வருஷம், 1816இல், அமெரிக்காவின் வடகிழக்கில் ஜூன் மாதம் பனி பெய்தது. ஐரோப்பாவில் விளைச்சல் போனது. அதைக் கோடை இல்லாத ஆண்டு என்றே சொல்கிறார்கள். எனவே எரிமலை அட்டவணையில் இருக்கலாம், அதில் சந்தேகமில்லை. இன்றைய சூட்டுக்குக் காரணம் என்று காட்டினால்தான் கணக்கு உதைக்கும். பற்று வைக்க வேண்டியதை வரவில் வைத்தது போல.

சூரியனை அவ்வளவு லேசாகத் தள்ள முடியாது. வெப்பம் முழுக்க அங்கிருந்துதான் வருகிறது. சூரியன் கொஞ்சம் பிரகாசமானால் பூமி சூடாகும், இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சூரியனில் கரும்புள்ளிகள் கூடிக் குறையும் பதினோரு வருஷச் சுழற்சி ஒன்று உண்டு. அதில் பூமிக்கு வரும் ஆற்றல் ஏறி இறங்குவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு. 1645 முதல் 1715 வரை கரும்புள்ளிகளே அரிதாகிப் போன ஒரு காலம் இருந்தது. ஐரோப்பாவில் அது குளிர் மிகுந்த காலம்தான். ஆக, சூரியன் மேல் சந்தேகப்படுவது முட்டாள்தனம் இல்லை. 1978 முதல் செயற்கைக்கோள்கள் வளிமண்டலத்துக்கு வெளியே இருந்து சூரிய ஆற்றலை அளந்துகொண்டிருக்கின்றன. சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட். பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை மேலே கீழே போகிறது, ஆனால் மொத்தத்தில் ஏறவில்லை. வெப்பநிலை ஏறியது இதே காலத்தில்தான்.

இன்னொரு சாட்சியும் உண்டு. சூரியன்தான் காரணம் என்றால் காற்று மேலிருந்து கீழ்வரை எல்லா அடுக்கிலும் சூடாக வேண்டும். நடப்பது அப்படியில்லை. கீழ் அடுக்கு சூடாகிறது, மேலே உள்ள அடுக்கு மண்டலம் குளிர்கிறது. அந்த உயரத்தில் கரியமில வாயுவின் வேலை வெப்பத்தை விண்வெளிக்கு வீசுவது. வாயு கூடினால் வீச்சும் கூடும், அந்த அடுக்கு குளிரும். 1967இல் சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் இன்றைய கைபேசியின் கால் தூசிக்கும் வராத ஒரு கணினியில் கணக்குப் போட்டு, கரியமில வாயு கூடினால் இப்படித்தான் நடக்கும் என்று எழுதினார்கள். மேல் அடுக்கை ஒழுங்காக அளக்கும் செயற்கைக்கோள்கள் அதற்கு அப்புறம்தான் வந்தன. மனாபேவுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. தேர்வு எழுதியவருக்கு மதிப்பெண் வர ஐம்பத்து நாலு வருஷம்!

அட்டவணையில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போன வரி, பூமியின் சுற்றுப்பாதை. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சுற்றிவிட்ட பம்பரத்தை உற்றுப் பார்த்தால் மூன்று சங்கதி தெரியும். சுழல்கிறது. சாய்ந்திருக்கிறது. சாய்ந்தபடியே தலையை மெதுவாக ஒரு வட்டம் ஆட்டுகிறது. பூமியும் அப்படித்தான். அதன் சாய்மானம் இப்போது 23.4 டிகிரி. 22.1க்கும் 24.5க்கும் இடையே போய்வர 41,000 வருஷம் எடுக்கிறது. தலையாட்டம் ஒரு சுற்று முடிய 26,000 வருஷம். போதாததற்கு, சூரியனைச் சுற்றும் பாதையே சுமார் ஒரு லட்சம் வருஷத்துக்கு ஒருமுறை வட்டத்திலிருந்து கொஞ்சம் நீள்வட்டமாகி மறுபடி வட்டமாகிறது. மூன்றும் சேர்ந்து, எந்த அட்சரேகைக்கு எந்தப் பருவத்தில் எவ்வளவு வெயில் என்பதை மாற்றிக்கொண்டே இருக்கின்றன.

இதை வைத்துப் பனியுகங்களை விளக்கலாம் என்று முதலில் விரிவாக யோசித்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் க்ரோல். கிளாஸ்கோவில் ஒரு கல்லூரியில் காவல்கார வேலை. அங்கிருந்த நூலகத்தில் புத்தகங்களை எடுத்துத் தானே படித்து 1864இல் கட்டுரை வெளியிட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டவர் செர்பியரான மிலுட்டின் மிலன்கோவிச். 1914இல் கல்யாணம் முடிந்த கையோடு பிறந்த ஊருக்குப் போயிருக்கிறார், போர் மூண்டுவிட்டது. ஆஸ்திரிய-ஹங்கேரி அரசு எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து அடைத்தது. பெட்டியில் பாதியில் நின்ற கணக்குத் தாள்கள் இருந்தன. சிறை அறையிலேயே உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தாராம். அப்புறம் புடாபெஸ்ட்டில் காவலோடு தங்க அனுமதி கிடைக்க, போர் முடியும்வரை அங்கே ஹங்கேரிய அறிவியல் கழக நூலகத்தில் கணக்குப் போட்டார். கால்குலேட்டர் இல்லாத காலம். லட்சக்கணக்கான வருஷத்துக்கு, அட்சரேகை வாரியாக, காகிதத்தில்! மாதக் கடைசியில் நாலு பக்கம் சரிபார்க்கவே அலுத்துக்கொள்ளும் நான் இதைப் படித்துவிட்டு வெட்கப்பட்டேன்.

அவர் பிடித்த முக்கியமான நுனி, வடக்கின் கோடை. கடும் குளிர்காலத்தால் பனியுகம் வராது, மந்தமான கோடையால்தான் வரும். குளிர்காலத்தில் விழுந்த பனி கோடையில் முழுதும் உருகாமல் கொஞ்சம் மிஞ்சினால், அடுத்த வருஷம் அதன்மேல் இன்னும் கொஞ்சம் மிஞ்சும். ஆயிரக்கணக்கான வருஷத்தில் அது கிலோமீட்டர் கனப் பாளமாகிவிடும். கடலடி வண்டலை வைத்து இந்தச் சுழற்சிகள் உண்மை என்று 1976இல் உறுதியானபோது மிலன்கோவிச் இறந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது.

இந்தத் தலையாட்டம்தான் சுமார் 11,000 முதல் 5,000 வருஷத்துக்கு முன்புவரை சகாராவைப் பச்சையாக வைத்திருந்தது. பருவக்காற்று அதுவரை உள்ளே போனது, ஏரிகள் இருந்தன. இன்றைக்கு மணலும் பாறையுமாகக் கிடக்கும் அல்ஜீரியாவின் தசிலி நஜ்ஜேர் பீடபூமியில், பாறைகளில் ஒட்டகச்சிவிங்கியும் மாட்டுமந்தையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். கண்ணால் பார்க்காததை யார் வரைவார்கள்? மனிதன் கையே படாமல் காலநிலை இவ்வளவு மாறும் என்பதை நான் முழுசாக ஒப்புக்கொண்டது இந்த ஓவியங்களின் படங்களைப் பார்த்த அன்றைக்குத்தான்.

சரி, அப்படியானால் இப்போதும் அதே பம்பரம்தான் காரணமாக இருக்கக்கூடாதா? பெரியப்பா கேட்டார். இருக்கலாம்தான், ஆனால் திசை இடிக்கிறது. சுற்றுப்பாதைக் கணக்குப்படி வடக்கின் கோடை வெயில் பல ஆயிரம் வருஷமாகக் குறைந்துகொண்டே வருகிறது. அதன் போக்குக்கு விட்டால் நாம் மெல்லக் குளிர்ந்துகொண்டிருக்க வேண்டும். இன்னொன்று வேகம். கடைசிப் பனியுகத்தின் உச்சியிலிருந்து, அதாவது சுமார் 20,000 வருஷத்துக்கு முந்தைய நிலையிலிருந்து, பூமி ஐந்தாறு டிகிரி சூடாக ஏறக்குறைய பத்தாயிரம் வருஷம் எடுத்தது. அந்தப் பத்தாயிரம் வருஷத்தில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 180 பங்கு என்பதிலிருந்து 260, 270 பங்குக்கு வந்தது. 1958இல் அளந்தபோது 313 பங்கு. 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது. பம்பரத்துக்குப் பத்தாயிரம் வருஷம் பிடித்த வேலையை நாம் அறுபத்தாறு வருஷத்தில் முடித்திருக்கிறோம்.

இந்தப் பழைய அளவுகள் எப்படித் தெரியும் என்றால், பனிக்கட்டி. அண்டார்டிகாவில் விழும் பனி, மேலே மேலே விழும் பனியால் அழுந்திக் கட்டியாகும்போது இடையில் இருந்த காற்றைக் குமிழாகப் பிடித்துக்கொள்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர் கிளாட் லோரியஸ் 1965இல் அண்டார்டிகாவில் ஒரு நாள் வேலை முடிந்து, துளையிட்டு எடுத்த பழைய பனிக்கட்டியை விஸ்கியில் போட்டபோது குமிழ்கள் வெடித்து வருவதைப் பார்த்து, இது பழங்காலக் காற்றாயிற்றே என்று யோசித்ததாகச் சொல்லியிருக்கிறார். அந்த யோசனை வளர்ந்து, மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்திலிருந்து எட்டு லட்சம் வருஷக் காற்றை எடுத்துவிட்டார்கள். எட்டு லட்சம் வருஷத்தில் ஒருமுறைகூட 300 பங்கைத் தாண்டவில்லை.

கண்டங்களின் நகர்வைச் சீக்கிரம் கடந்துவிடலாம். இமயமலை எழும்பி, புதுப் பாறை மழையில் கரைந்து, காற்றிலிருந்த கரியமில வாயுவைக் கடலுக்குக் கொண்டுபோவது எல்லாம் உண்மை. ஆனால் அது கோடி வருஷக் கணக்கு. கண்டங்கள் நகர்வது நகம் வளரும் வேகத்தில். நூற்றைம்பது வருஷத்தில் அவற்றால் என்ன செய்துவிட முடியும்?

கடல் நீரோட்டம் கொஞ்சம் நுட்பமானது. பசிபிக் கடலின் மேல்நீர் சூடேறும் எல் நினோ வந்தால் அந்த வருஷம் உலகமே சூடாகிறது, 2016இலும் 2023-24இலும் பார்த்தோம். ஆனால் அது கடலில் இருக்கும் வெப்பத்தைக் காற்றுக்கு எடுத்துக் கொடுப்பது. இடதுபைப் பணத்தை வலதுபைக்கு மாற்றுவது போல. காற்று சூடானதற்குக் கடல்தான் காரணம் என்றால் கடலின் கையிருப்பு குறைந்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான மிதவைக் கருவிகள் இரண்டாயிரம் மீட்டர் ஆழம்வரை இறங்கி ஏறி அளந்துகொண்டிருக்கின்றன. கடலின் வெப்பமும் கூடிக்கொண்டுதான் போகிறது. சொல்லப்போனால், பூமியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. இரண்டு பையும் கனக்கிறது என்றால் பணம் வெளியிலிருந்து வருகிறது.

இனி வலப்பக்கம். இங்கேதான் என் தொழில் கைகொடுத்தது.

ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ இருக்கும். எரிந்து முடிந்தால் வெளியே போகும் கரியமில வாயு 2.3 கிலோ. முதன்முதலில் இதைப் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். முக்கால் கிலோ உள்ளே போய் இரண்டேகால் கிலோ வெளியே வருமா? வரும். பெட்ரோலில் பெரும்பகுதி கார்பன். ஒரு கார்பன் அணுவின் எடை 12. எரியும்போது அது காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுவைப் பிடித்துக்கொள்கிறது, அவற்றின் எடை 32. மொத்தம் 44. மூன்றரை மடங்குக்கு மேல். மகளிடம் இதைச் சொன்னபோது, “அப்ப நாம ஊத்துனதைவிட அதிகமா வெளிய விடுறோமா?” என்று வண்டியை ஒரு மாதிரி பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாத, நாற்றம் இல்லாத பொருள் என்பதால் இதன் எடை யாருக்கும் உறைப்பதில்லை. ஒவ்வொரு லிட்டருக்கும் இரண்டேகால் கிலோ கரித்தூள் சாலையில் கொட்டியிருந்தால் இந்த விவாதம் எப்போதோ முடிந்திருக்கும்.

இந்த வாயு வெப்பத்தைப் பிடிக்கும் என்பது நேற்றுக் கண்டுபிடித்ததும் இல்லை. 1856இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி இரண்டு கண்ணாடி உருளைகளில் வெப்பமானியைச் செருகி, வெவ்வேறு காற்றுகளை நிரப்பி, வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு நிரப்பிய உருளைதான் அதிகம் சூடேறியது. வெயிலிலிருந்து எடுத்த பிறகும் ஆறுவதற்கு ரொம்ப நேரம் பிடித்தது. காற்றில் இந்த வாயு முன்பு கூடுதலாக இருந்திருந்தால் பூமியும் சூடாக இருந்திருக்கும் என்று அப்போதே எழுதிவிட்டார். அந்தக் கட்டுரையை மாநாட்டில் வாசித்தது இன்னொருவர், ஓர் ஆண். மூன்று வருஷம் கழித்து ஜான் டிண்டால் இன்னும் நுட்பமான கருவியோடு வந்து, வெப்பக் கதிரைப் பிடிப்பதை நேரடியாகக் காட்டினார். பெயர் அவருக்குப் போனது. ஸ்வாந்தே அரேனியஸ் 1896இல், நிலக்கரி எரித்தே பூமியைச் சூடாக்க முடியும் என்று கணக்குப் போட்டார். ஸ்வீடன்காரர், அதனால் நல்லதுதானே என்று நினைத்தார்!

மறுப்பவர்கள் அடிக்கடி எடுத்துவிடும் ஒரு கணக்கு உண்டு. காடும் மண்ணும் கடலும் ஒரு வருஷத்தில் காற்றில் விடும் கரியமில வாயு 70,000 கோடி டன்னுக்கு மேல், மனிதன் விடுவது 4,000 கோடி டன் சுமார்தான், இதென்ன பிரமாதம் என்பார்கள். இரண்டு எண்ணும் சரி. கேள்வியில்தான் கோளாறு. விற்றுமுதலைப் பார்த்து லாபத்தைச் சொல்கிறார்கள். காடும் கடலும் அவ்வளவு விடுகின்றன, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே திரும்ப வாங்கிக்கொள்கின்றன. நாம் விடுகிறோம், வாங்குவது கிடையாது.

இதற்கு ஐந்தொகை போடலாம். எரிபொருளும் சிமெண்டும் 3,700 கோடி டன், காடழிப்பு முதலான நிலமாற்றம் சுமார் 400 கோடி டன், ஆக மனிதன் போட்டது ஆண்டுக்கு 4,100 கோடி டன். காற்றில் உண்மையில் கூடுவது அதில் ஏறக்குறைய பாதி. இதை முதலில் பார்த்தபோது என் கண் நின்றுவிட்டது. போட்டதைவிடக் கையிருப்பு குறைவாகக் கூடியிருக்கிறது என்றால், வேறு யாரோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த யாரோ, இயற்கைதான். இந்தப் பேரேட்டில் இயற்கை நிகரமாக எடுப்பவர். ஒரு கணக்கில் நிகரமாக எடுத்துக்கொண்டே இருப்பவர், அதே கணக்கில் இருப்பு கூடியதற்குக் காரணமாக இருக்க முடியாது. இதற்கு மேல் எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை. சிலருக்குப் பனிப்பாறை உருகும் படம், எனக்கு இந்த ஒரு கழித்தல்.

ஆதாரம் வேண்டும் என்கிறவர்களுக்கு இன்னும் இருக்கிறது. உயிரோடு இருக்கும் எல்லாவற்றிலும் கார்பன்-14 கொஞ்சம் உண்டு. 5,730 வருஷத்தில் பாதியாகும் சரக்கு. கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில் அது துளிகூட இருக்காது. காற்றில் கார்பன்-14இன் விகிதம் பழைய கார்பனால் நீர்த்துப்போவதை ஹான்ஸ் சூஸ் 1955இலேயே மரங்களில் காட்டினார். எரிமலை வாயுவிலும் கார்பன்-14 இல்லையே என்று கேட்கலாம், நானும் கேட்டேன். அதற்குப் பதில் ஆக்சிஜனில் இருக்கிறது. எதையாவது எரித்தால்தான் ஆக்சிஜன் செலவாகும். எரிமலை வாயுவுக்கு அந்தச் செலவு இல்லை. காற்றில் ஆக்சிஜன் மிக மிகச் சிறிதளவு, ஆனால் எரித்த கணக்கோடு பொருந்தும்படி, குறைந்துகொண்டு வருகிறது. (மூச்சு முட்டும் என்று பயப்பட வேண்டாம், அவ்வளவு நுண்ணிய குறைவு.) இதை அளந்து காட்டியவர் ரால்ஃப் கீலிங். ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958 மார்ச்சில் கரியமில வாயுவை அளக்க ஆரம்பித்த சார்ல்ஸ் டேவிட் கீலிங்கின் மகன். அப்பா வரவை எழுதினார், பையன் செலவை எழுதினார்.

மௌனா லோவாவே ஒரு எரிமலை. எரிமலை மேல் உட்கார்ந்து அளந்தால் எப்படி என்று பெரியப்பா மடக்கினார். காற்று எரிமலை வாயிலிருந்து வருகிறதா, கடலிலிருந்து வருகிறதா என்று பார்த்துத்தான் கணக்கில் சேர்க்கிறார்கள். தவிர, எரிமலைப் பேச்சே இல்லாத தென்துருவத்திலும் அதே ஏற்றம்தான். 2022 நவம்பரில் அந்த மலை நிஜமாகவே வெடித்தது. எரிமலைக் குழம்பு சாலையை மூடி மின்கம்பிகளை அறுத்துவிட, அளவீட்டைத் தற்காலிகமாகப் பக்கத்து மலையான மௌனா கேயாவுக்கு மாற்றினார்கள். உலகக் கணக்கில் அந்த வெடிப்பின் தடம் தெரியவில்லை. கரண்ட் போனதுதான் மிச்சம்.

வலப்பக்கத்தில் ஒரு எதிர்ப்பதிவும் உண்டு, மகளின் அட்டவணையில் அது இல்லை. நிலக்கரியோடு சேர்ந்து வரும் கந்தகப் புகை, பினாட்டுபோ மாதிரியே வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. அதாவது நம் அழுக்கு, நம் சூட்டில் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டிருக்கிறது. 2020இல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதத்துக்கு இறங்க வேண்டும் என்று உலகளாவிய விதி வந்தது. நுரையீரலுக்கு நல்ல செய்தி. மறைந்திருந்த சூட்டில் கொஞ்சம் வெளியே தெரிய அதுவும் ஒரு காரணம்.

அட்டவணையின் இரண்டு பக்கத்தில் எதிலும் அடங்காத ஆட்களும் இருக்கிறார்கள். வெப்பத்தைப் பிடித்துவைக்கும் பசுமை இல்ல வாயுக்களில் பெரியது நீராவிதான். அது எந்தப் பக்கம்? அது தானாகக் கூடாது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் ஏழு சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், அந்த ஈரம் இன்னும் சூடாக்கும். வட்டி மாதிரி. முதல் போட்டவர் யாரோ, வட்டி அவர் கணக்கில் ஏறும். பனியுகங்களில் கரியமில வாயுவே வட்டியாகத்தான் இருந்தது. பம்பரம் முதல் போட்டது, கடல் சூடாகி வாயுவை விட்டது, வாயு சூட்டைப் பெருக்கியது. “அண்டார்டிகாவில் சூடு முதலில், வாயு அப்புறம், ஆகவே வாயு காரணமில்லை” என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்குகிறார்கள். அப்போது வட்டியாக வந்த அதே பணத்தை இப்போது நாம் முதலாகப் போடுகிறோம். பணம் எந்த வழியில் வந்தாலும் செலாவணி ஒன்றுதான். பூமி முன்பும் மாறியிருக்கிறதே என்று யாராவது ஆறுதல் சொன்னால் எனக்கு ஆறுதல் வருவதில்லை. லேசாகத் தட்டினாலே இவ்வளவு ஆடும் என்றல்லவா அந்தச் சகாரா ஓவியங்கள் சொல்கின்றன?

மகள் கேட்ட தொகைக்கு வருகிறேன். காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கையில், 1850-1900ஐ ஒப்பிட 2010-2019இல் மனிதனால் கூடிய வெப்பம் 1.07 டிகிரி என்று இருக்கிறது, 0.8க்கும் 1.3க்கும் இடையில். சூரியனும் எரிமலையும் சேர்ந்து செய்தது, கழித்தல் 0.1க்கும் கூட்டல் 0.1க்கும் இடையில். பூஜ்யத்தைச் சுற்றி. நடந்திருப்பதும் அந்த 1.07 அளவுதான். பாதிக்குப் பாதி இல்லை, தொண்ணூறுக்குப் பத்துகூட இல்லை. நடப்பு ஆண்டுக் கணக்கில் இடப்பக்கத்துத் தொகை ஏறக்குறைய ஒன்றுமில்லை.

பெரியப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். “எழுதினவனுக்குச் சம்பளம் யாரு கொடுக்கிறா?” என்று ஆரம்பித்தார். நான் அந்தக் கழித்தலை மட்டும் ஒரு தாளில் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் குழுவில் எரிமலை வரவில்லை.

மகள் போன சனிக்கிழமை பழைய நோட்டை எடுத்து, அட்டவணைக்கு ஓரத்தில் ஒரு பத்தி சேர்த்தாள். தலைப்பு, ‘எத்தனை வருஷம்?’ நான் சொல்லச் சொல்ல எழுதினாள். எரிமலை, 2. சூரியன், 11. சுற்றுப்பாதை, 1,00,000. எல் நினோ, இரண்டிலிருந்து ஏழு வருஷத்துக்கு ஒருமுறை. கண்டங்கள், கோடிக்கணக்கில். சுழற்சியையும் ஆயுளையும் ஒரே பத்தியில் கலந்திருக்கிறாள், எங்கள் தணிக்கையாளர் பார்த்தால் திட்டுவார். நான் விட்டுவிட்டேன். வலப்பக்கம் வந்தாள். கால்நடை விடும் மீத்தேன் காற்றில் சுமார் 12 வருஷம். உரத்திலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்சைடு நூறு வருஷத்துக்கு மேல். நிலக்கரி, பெட்ரோல் என்ற வரியில் பேனா நின்றது. விட்டதில் பெரும்பகுதியைக் கடலும் காடும் மெதுவாக எடுத்துக்கொள்ளும், ஆனால் ஒரு பங்கு ஆயிரக்கணக்கான வருஷம் அப்படியே இருக்கும் என்றேன்.

“ஒரு நம்பர் சொல்லும்மா.”

“ஒரே நம்பர் கிடையாதுடி.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். அந்தக் கட்டத்திலிருந்து ஒரு அம்புக்குறி போட்டாள். அது ஓரக்கோட்டைத் தாண்டி, தாளின் விளிம்புவரை போனது.

“பக்கம் முடிஞ்சிருச்சும்மா,” என்றாள்.